மூணு ஃபேன் வச்ச கார்டு

அண்ணாச்சி, இந்தச் சேர்ல ஆள் இருக்கா? இல்லியா, சரி. கொஞ்சம் நகந்துக்கிடுங்க. உங்க டோக்கன் எத்தன? இருபத்தொண்ணா. அப்பம் நேரங் கெடக்கு. இப்பந்தான் பதினேழு உள்ள போயிருக்கு. பதினேழு நம்ம வீட்டுக்காரிதான்.

உங்களுக்கு என்ன, தொண்டையா? பேச முடியலியா? கையக் காட்டுதியள, என்னது, மீனா? மீன் முள்ளா? அடப்பாவமே. சாளையா? தலைய மட்டும் ஆட்டுங்க, பேசாதிய. பேசுனா முள்ளு உள்ள எறங்கிரும். நான் பேசுதேன், நீங்க சும்மா கேட்டுக்கிட்டு இருங்க. நேரம் போவும்லா.

நான் அம்பாசமுத்திரம். சொரிமுத்துன்னு பேரு. 'சொரிமுத்து டிஜிட்டல்'னு ரெக்கார்டிங் ஸ்டூடியோ வச்சிருக்கேன். ஸ்டூடியோன்னா வீட்டு மாடியில ஒரு ரூம்பு. கோயில் கொடைன்னா, அதான் திருவிழான்னா, ஊர் ஊரா ஆட்டோவுல ஸ்பீக்கர் கட்டிட்டு வருவாவல்லா, வருகின்ற செவ்வாய்க்கிழமைன்னு ஆரம்பிச்சு, அது நம்ம வேல. பேச்சு மட்டுமில்ல, கூடவே பாட்டும் உண்டு. மெட்டு எல்லா ஊருக்கும் ஒண்ணுதான், அத யார்ட்டயும் சொல்லிராதிய. அம்மன் பேரையும் ஊர் பேரையும் மட்டும் மாத்துவோம். நிர்வாகிமாரு பேரெல்லாம் பாட்டுக்குள்ளயே வரணும், நோட்டீசுல உள்ள அதே வரிசையில. வரிசை மாறிட்டுன்னா தீந்துது. மூணாவது பேர நாலாவதாப் போட்டதுக்கு ஒரு ஊர்ல கொடையே ஒரு வாரம் தள்ளிப் போயிருக்கு.

பேசுதது நான். பாடுதது எங்க வீட்டுக்காரி உலகம்மா. பதினாலு வருசமா அவதான். அவ அம்மன் பேர எடுத்து ஒரு இழுப்பு இழுத்தான்னா ஆட்டோ போற தெருவுல ரெண்டு பேருக்காவது சாமி வந்துரும். நானாச் சொல்லல, ஊர்ல சொல்லுதாவ. அந்தக் கொரல்லதான் இப்பம் இரைச்சல். உஸ்ஸுன்னு. பங்குனியில ஆரம்பிச்சது, இன்னும் விடல. ஆடிக் கொடைக்கு இன்னும் இருபது நாள்தான் இருக்கு. அவ தொண்டை சரியாகலன்னா இந்த வருசம் நம்ம பொழப்பு அம்புட்டுதான். இவரு மூணாவது டாக்டரு.

எங்க ஆரம்பிச்சேன்? ஆங், கம்ப்யூட்டர். இல்ல, நான் இன்னும் கம்ப்யூட்டர் கதைக்கே வரல.

தை மாசம் புதுசா ஒரு கம்ப்யூட்டர் வாங்குனோம். பழசு ஓஞ்சு போச்சு. ஒரு பாட்டத் தட்டி விட்டா அது யோசிச்சிக்கிட்டே கெடக்கும், நாம கீழ போயி காப்பி குடிச்சிட்டு வந்துரலாம். வண்ணாரப்பேட்டையில ஒரு கடைக்கு நானும் அவளும் போனோம். கடைக்காரன் ஜெபசிங்னு ஒரு பய, முப்பது வயசு இருக்கும். என்ன வேலைக்கு சார்ன்னான். மியூசிக் ரெக்கார்டிங்னேன். கொஞ்சம் கெத்தாத்தான் சொன்னேன். அவன் ஒரு தாள எடுத்து மளமளன்னு எழுதுதான். மெமரி இவ்வளவு, டிஸ்க் இவ்வளவுன்னு எல்லாம் எழுதிட்டு, கிராபிக்ஸ் கார்டுங்கிற எடத்துல மட்டும் ஒரு கோடு போட்டான்.

அதென்னப்பா கோடுன்னேன். "அது உங்களுக்கு வேண்டாம் சார். அது படத்துக்கு உள்ளது. வீடியோ எடிட்டிங் பண்ணுதவங்க, கேம் ஆடுத பிள்ளைய, அவங்களுக்குத்தான் வேணும். பாட்டுக்குத் தேவையே இல்ல. ஸ்கிரீன் தெரியதுக்கு உள்ளயே ஒண்ணு இருக்கு. அந்தத் துட்டுக்கு மெமரியக் கூட்டிக்கிடுங்க"ங்கான்.

எனக்குச் சுருக்குன்னு தச்சிட்டு. ஏன்னு கேளுங்க. எனக்கு முன்னால ஒருத்தன் பேன்ட் சட்டை போட்டு வந்து நின்னான். அவனுக்கு எழுதும்போது கோடு போடல. கார்டு பேரு, நம்பரு எல்லாம் எழுதுனான். நான் வேட்டி கட்டிட்டுப் போனேன், எனக்குக் கோடு. ஆளப் பாத்து எட போடுதான். அந்த ஆள் கல்யாண வீடியோ எடுக்கவன், அவனுக்கு வேணும்னு உலகம்மா சொல்லுதா. இவளுக்கு எப்பமும் அடுத்தவனுக்குப் பரிஞ்சு பேசணும்.

நான் விடுவனா. தம்பி, பாட்ட கம்ப்யூட்டர்ல போட்டா ஸ்கிரீன்ல என்ன வருதுன்னு கேட்டேன். அலை அலையா வருதுல்லா? ஏறுது, எறங்குது, ஓடுது. அது படமில்லாம பின்ன என்னதுன்னேன். பய தலையச் சொறிஞ்சிட்டு, "அது வெறுங் கோடு சார், அதுக்கு இவ்வளவு பெரிய கார்டு வேண்டாம்"ங்கான். கோடாம். பதினாலு வருசமா எம்பொண்டாட்டி பாடுத பாட்டு இவனுக்குக் கோடாத் தெரியுது.

கண்ணாடி அலமாரியில அந்தக் கார்டு இருந்துச்சு அண்ணாச்சி. அதப் பாத்தா நீங்களும் வாங்கிருப்பிய. செங்கல்லு தண்டி இருக்கு. மூணு ஃபேன். கொடைப் பந்தல்ல சீரியல் செட்டு போட்ட மாதிரி செவப்பு, பச்சை, நீலம்னு மாறி மாறி எரியுது. இதப் போடுன்னேன். உலகம்மா சேலையப் பிடிச்சிக்கிட்டு என் காதுக்கிட்ட வந்து, அந்தத் தம்பிதான் வேண்டாங்குதாம்லா, யாவாரம் பண்ணுதவன் வேண்டாம்னு சொன்னா அதுல ஒரு நியாயம் இருக்கும்னு மெதுவாச் சொல்லுதா. நான் சொன்னேன், யாவாரம் பண்ணுதவன் வேண்டாம்னு சொன்னா அதுலதான் ஏதோ சூது இருக்குன்னு. நீங்களே சொல்லுங்க, எந்தக் கடைக்காரனாவது சாமான் விக்க மாட்டேம்பானா? நல்ல சாமான வேற எவனுக்கோ எடுத்து வச்சிருக்கான். அதான் விசயம்.

கடைசியில அவன் ஒண்ணு சொன்னான். "சார், உங்க இஷ்டம். ஆனா இது சூடாச்சுன்னா ஃபேன் இரையும். மைக் இருக்க ரூம்புல வைக்காதிய. பெட்டிய வெளிய வச்சிட்டு வயர மட்டும் உள்ள இழுத்துக்கிடுங்க." நான் சிரிச்சிட்டேன். இம்புட்டுப் பெரிய சாமான வாங்கி வெளிய வச்சா வாரவன் போறவன் எப்படிப் பாப்பான்?

மைக்குக்குப் பக்கத்துலயே வச்சேன். பாட வாரவ கால்மாட்டுல. ஏன்னா கொடை நிர்வாகிமாரு வந்து உக்காருத பெஞ்சுக்கு நேர எதிர அதுதான் எடம். முத நாள் தேங்கா ஒடச்சி, சந்தனம் குங்குமம் வச்சி, வெள்ளிக்கெழம தோறும் சாம்பிராணி. இன்னைக்கு வரைக்கும் ஒரு வெள்ளி தப்பல. சாம்பிராணிப் பொகையக் காட்டுனா மூணு ஃபேனும் அப்படியே உள்ள இழுத்துக்கிடும், பாக்கவே அவ்வளவு அழகா இருக்கும். ஸ்டூடியோ போர்டயும் மாத்தி எழுதிட்டேன், 'நவீன கிராபிக்ஸ் கார்டு வசதியுடன்'னு. அம்பாசமுத்திரத்துல வேற எந்த ஸ்டூடியோவுலயும் அப்படிப் போர்டு கெடையாது. நீங்க போய் விசாரிச்சிப் பாக்கலாம்.

அதோட விடல. அவ்வளவு பெரிய கார்டு, சும்மா கெடந்தா நல்லாவா இருக்கும்? அதுக்கும் வேல குடுக்கணும்லா. அதனால ஒரு அருவி ஏத்துனேன். ஸ்கிரீன் பூரா அருவி. தண்ணி விழுது, பாறையில தெறிக்கு, மீன் துள்ளுது, எல்லாம் நெசம் மாதிரி. அவ பாடும்போதும் அது பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். கார்டு முழுசா வேல செய்யும். கொடைக் கமிட்டிக்காரரு ஒருத்தர் வந்து பாத்துட்டு, யோவ் குளிச்சிரலாம் போல இருக்கேன்னாரு. அன்னைக்கே அட்வான்ஸ் குடுத்துட்டாரு. பாட்டக் கேக்கவே இல்ல. ஜெபசிங்கு என்ன சொன்னான், கார்டு பாட்டுக்கு வேண்டாம்னு. பாட்டே வேண்டாம்னு ஆக்கிட்டுல்லா கார்டு.

ரூம்புல சத்தம் வந்துரக் கூடாதுங்கதுல நான் ரொம்பக் கண்டிசன். ரெக்கார்டிங் ஆரம்பிச்சா கதவு, சன்னல் எல்லாம் மூடிருவேன். மேல ஓடுத ஃபேன நிப்பாட்டிருவேன். சொவருல தேங்கா நார் மெத்தை அடிச்சிருக்கேன். கைக் கெடிகாரம்கூடக் கூடாது, கழத்தி வெளிய வச்சிட்டுத்தான் வரணும். ஒரு கொசு பறந்தாலும் ரெக்கார்டிங்க நிப்பாட்டிட்டு அத அடிச்சிட்டுத்தான் மறுபடி ஆரம்பிப்பேன். பங்குனி வெயில்ல உள்ள இட்லிக் கொப்பரை மாதிரி இருக்கும். அவ முந்தானையப் பிழிஞ்சிட்டே பாடுவா. தொழில்னா அப்படித்தான்.

அப்படிப்பட்ட ரூம்புல உஸ்ஸுன்னு ஒரு சத்தம் எங்க இருந்து வரும், சொல்லுங்க பாப்போம்.

மொத ஆர்டரு ஒரு நாகம்மன் கோயிலு. போட்டுக் காட்டுனேன். தர்மகர்த்தா கண்ண மூடிக் கேட்டுட்டு, "ஆத்தா பின்னால நின்னு சீறுத மாதிரியே இருக்குய்யா, என்ன எஃபெக்டு போட்ட"ன்னு என் தோளப் பிடிச்சிக்கிட்டாரு. நான் லேசாச் சிரிச்சேன். சீறுனது எனக்கும் அப்பந்தான் தெரியும்.

ரெண்டாவது கடையம் பக்கம் ஒரு காளியம்மன். அங்கதான் வென வந்துது. பொருளாளர் பேரு பாட்டுல ஏழாவதா வரும், அந்த எடத்துல உலகம்மா கொரலக் கீழ எறக்குவா. எறக்குனதும் உஸ்ஸு மேல ஏறிட்டு. அவரு பேரு மூழ்கிப் போச்சு. ஆட்டோ ஊருக்குள்ள ரெண்டு சுத்து சுத்திட்டு வந்ததும் மனுசன் கொடைக்குப் பந்தக்கால் நடுத கால்நாட்டுக்கு வர மாட்டேன்னு வீட்டுக்குள்ள கதவச் சாத்திட்டாரு. எம்பேரச் சொல்ல வெக்கமா உங்களுக்குங்காரு. பெரிய எளவாப் போச்சு. பாதி ராவுக்கெல்லாம் இல்ல, பட்டப் பகல்ல எட்டுப் பேரு நம்ம வீட்டுக்கு வந்து பாட்டத் திருப்பிப் போடச் சொல்லி நின்னாவ. திருப்பிப் பாட வச்சேன். அதுலயும் உஸ்ஸு.

அன்னைக்கு உலகம்மா சொன்னா, ஏங்க, அந்தப் பொட்டிதான் இரையுது, என் காலுக்கிட்டதான இருக்கு, எனக்குக் கேக்குன்னு. எனக்கு வந்ததே கோவம். ஏட்டி, அது கிராபிக்ஸ் கார்டு, படத்துக்கு உள்ளது, படத்துல இருந்து எப்படிச் சத்தம் வரும்னு கேட்டேன். அவ "பாட்டுக்கு வேணும்னுதான வாங்குனிய"ன்னா. பாட்டுக்குத்தான் வாங்குனேன், அதுக்காகச் சத்தத்துக்கா வாங்குனேன்? இந்தப் பொம்பளையளுக்குப் புரிய வைக்கது கஷ்டம் அண்ணாச்சி. ஒரு கேள்வி கேப்பாவ, பதில் சொன்னா அதுல இருந்து இன்னொரு கேள்வி கேப்பாவ.

அப்பம் என்னது? மூச்சு. வேற என்ன. அவளுக்கு வயசு நாப்பத்தி ரெண்டு ஆவுது. மூச்சு இரைக்கும்லா. இத நான் சொன்னதும் அவ, "நீங்க பேசுத எடத்துலயும் அதே சத்தம் வருதே"ன்னா. வருது. இல்லங்கல. ஆனா அது வேற. ஆம்பளக் கொரலுக்கு அடியில அப்படி ஒரு சத்தம் நின்னா அது கம்பீரம்.

அதுக்குப் பொறவு நான் அவ தொண்டையக் கவனிக்க ஆரம்பிச்சேன். தயிர நிறுத்தியாச்சு. மோரு, வாழப்பழம், எலுமிச்சங்கா ஊறுகா, பச்சத் தண்ணி எல்லாத்தையும் நிறுத்தியாச்சு. சித்திரை வெயில்ல வெந்நீர்லதான் குளிக்கணும்னு சொல்லிட்டேன். பாபநாசத்துல ஒரு வைத்தியரு ஆடாதொடையும் திப்பிலியும் போட்டுக் கசாயம் குடுத்தாரு, மூணு வேளையும் நானே கையால ஊத்திக் குடுத்தேன். இந்தக் காலத்துல எந்தப் புருசன் செய்வான்? அவ ஒரு வார்த்த எதுத்துப் பேசல. குடிச்சா. அந்த வைத்தியருதான் நாடியப் பிடிச்சிட்டு, இந்தப் பிள்ளைக்கு ஒண்ணுமில்ல, இதுக்கு வேண்டியது கொஞ்சம் காத்துன்னாரு. வைத்தியருக்கு வயசாயிட்டு.

கசாயத்துக்கும் அடங்கல. சரி, மூச்ச விட்டாத்தான இரைச்சல்னு, ஒரு நாளு மூச்சப் பிடிச்சிட்டுப் பாடுன்னேன். பல்லவி பூரா ஒரே மூச்சுல. அம்மன் பேரு தாண்டிட்டா, ஊர் பேரு தாண்டிட்டா. நாலாவது நிர்வாகி பேரு வரும்போது அப்படியே சாஞ்சிட்டா. நல்ல வேள, மைக்குல படாம விழுந்தா. தண்ணி தெளிச்சதும் கண்ணத் தொறந்து, மூஞ்சில ஒரே அனலா அடிக்குங்கா. நெத்தியத் தொட்டுப் பாத்தேன், கொதிக்கு. காய்ச்சல்னு பயந்து போனேன். பொறவுதான் கவனிச்சேன், தலைய கார்டு பக்கம் வச்சுக் கெடந்திருக்கா. அவ்வளவு நேரமும் அவ மயங்குன பொறவும் உஸ்ஸு ரெக்கார்டு ஆயிட்டே இருந்துருக்கு. மயக்கத்துலகூட மூச்சு இரைச்சல் நிக்கல பாத்தியளா, அவ்வளவு முத்திப் போச்சு நோயி.

அதுக்குத்தான் தென்காசியில ரெண்டாவது டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனேன். அவரு மூக்கு வழியா ஒரு குழாய விட்டு டிவியில தொண்டையக் காட்டுனாரு. வெள்ளையா ரெண்டு நரம்பு, சேருது பிரியுது. நல்லா இருக்கும்மா, பாடுங்கன்னாரு. எனக்குப் படம் அவ்வளவு திருப்தியா இல்ல. டாக்டர், இந்த மெசின்ல என்ன கார்டு போட்டிருக்கியன்னு கேட்டேன். என்ன கார்டுன்னாரு. கிராபிக்ஸ் கார்டுன்னேன். தெரியாதுன்னுட்டாரு. என்ன கார்டுன்னே தெரியாம ஒரு தொண்டைய எப்படி நல்லா இருக்குன்னு சொல்லுதியன்னு கேட்டேன். தப்பா? நியாயமான கேள்விதான? என்னைய வெளிய போகச் சொல்லிட்டாரு. அதனாலதான் இன்னைக்கு அவ என்னைய உள்ள வர வேண்டாம்னுட்டா. நீங்க இங்கயே இருங்க, நான் பேசிக்கிடுதேன்னா.

என்ன கையக் காட்டுதிய? கதவா? கதவுக்கு வெளிய... ஓ, பெட்டிய வெளிய வைக்கதா? நீங்களுமா அண்ணாச்சி. ஜெபசிங்குக்குச் சொந்தமா நீங்க?

கல்லிடைக்குறிச்சியில தளவாய்னு ஒருத்தன் இருக்கான், அவனும் இதே தொழிலுதான். அவன் கம்ப்யூட்டரப் பாத்தா உங்களுக்கு அழுகை வரும். கூட்டாஞ்சோறு மாதிரி நாலு பழைய பெட்டியில இருந்து பிடுங்கிப் போட்டது. கார்டுன்னு ஒண்ணு கெடையவே கெடையாது. அத ரெக்கார்டிங் ரூம்புல வைக்க வெக்கப்பட்டு அடுப்படியில கொண்டு வச்சிருக்கான். சொவத்துல ஓட்ட போட்டு அது வழியா வயரு வருது. அரிசி டப்பாவுக்குப் பக்கத்துல கம்ப்யூட்டரு. இந்தச் சித்திரையில என்ட்ட வர வேண்டிய கொடை அம்புட்டும் அவன்ட்ட போச்சு. சும்மா சொல்லக் கூடாது, அவன் பாட்டு சுத்தமாத்தான் இருக்கு, ஒரு இரைச்சல் கெடையாது. நான் விசாரிச்சுட்டேன். அவன் வீடு வடக்குப் பாத்த வீடு. எல்லாம் வாஸ்து.

வைகாசியில இருந்து உலகம்மா பாடதயே நிப்பாட்டிட்டா. என் தொண்டை சரியான பொறவு பாடுதேன்னா, அவ்வளவுதான். மாடிப்படி ஏறதில்ல. அது பரவாயில்ல, ஆர்டரும் இல்ல. ஆனா அண்ணாச்சி, அவ ரெக்கார்டிங்க்கு மட்டும் பாடுதவ இல்ல. காய் நறுக்கும்போது பாடுவா, துணி மடிக்கும்போது பாடுவா, எனக்குச் சோறு போட்டுட்டு எதிர உக்காந்து வாய்க்குள்ளயே ஏதாவது முனங்கிட்டு இருப்பா. அதையும் விட்டுட்டா. வீடு வெறிச்சுன்னு கெடக்கு. பதினாலு வருசமா அந்தச் சத்தத்துக்குள்ளயே இருந்திருக்கேன், இருக்கும்போது தெரியல. ஒரு நாள் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. காரம்னு சொல்லிட்டேன். காரமே இல்ல, அவதான் கசாயம் குடிக்கவளாச்சே, காரம் போட்டுச் சமைக்கிறதே இல்ல.

அன்னைக்கு மத்தியானம் தாங்க முடியாம மாடிக்குப் போயி, கம்ப்யூட்டரப் போட்டு, அருவிய ஓட விட்டுட்டு அது முன்னால உக்காந்துட்டேன். ரூம்புல வேற யாரும் இல்ல. அந்த உஸ்ஸுன்னு சத்தம் வந்துட்டே இருந்துச்சு, அது கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு.

என்ன, ஏன் கையப் பிடிக்கிய? என்ன சொன்னேன்? உஸ்ஸுன்னு... அது சத்தம் இல்ல அண்ணாச்சி, அது காத்து. ஃபேன்னா காத்து வரும்லா. காத்து வேற, சத்தம் வேற. நீங்க பேசாதிய, முள்ளு குத்தும்.

பாளையங்கோட்டையில இந்த டாக்டர் காது, மூக்கு, தொண்டை எல்லாம் நல்லாப் பாப்பாவன்னு அவதான் விசாரிச்சுச் சொன்னா. அவளே சொன்னா போவோம்னு. எனக்கு ஒரே சந்தோசம். ரெண்டு மாசமா மூஞ்சத் தூக்கி வச்சிட்டு இருந்தவ, தனக்கு நோயி இருக்குன்னு இப்பமாவது ஒத்துக்கிட்டாளேன்னு நெனச்சேன். காலையில மொத பஸ்சப் பிடிச்சு வந்தோம். நான் எதுத்தாப்புல டீ குடிச்சிட்டு வரதுக்குள்ள அவளே கவுன்டர்ல நின்னு டோக்கன் வாங்கிட்டா. என்னைய ஒரு வேலையும் செய்ய விடல.

இருங்க. ஒரு நிமிசம்.

கேக்கா? உள்ள பாடுதா. டாக்டரு பாடிக் காட்டச் சொல்லிருக்காரு. நம்ம மெட்டுதான். அந்தா, ஊர் பேரு எடுக்கா. டோக்கன் கூப்பிடுத சிஸ்டர்கூட நிப்பாட்டிட்டு கேக்காவ பாருங்க. அந்தா, அழுதுட்டு இருந்த கொழந்தகூட அழுகைய நிறுத்திட்டு.

இரைச்சல் இல்ல.

இல்ல அண்ணாச்சி. ஒண்ணுமே இல்ல. சுத்தமா இருக்கு. கதவு மூடியிருக்கு, அப்படி இருந்தும் ஒவ்வொரு எழுத்தும் தனியாக் கேக்கு. இந்தக் கொரல நான் எம்புட்டு மாசமாக் கேக்கல. இருங்க, கண்ணத் தொடச்சிக்கிடுதேன். எம்பொண்டாட்டி கொரலு இது. கசாயம் வேல செஞ்சிட்டு பாத்தியளா. நான் விடாம ஊத்துன கசாயம். ஆடிக் கொடை நமக்குத்தான். போற வழியில வண்ணாரப்பேட்டையில எறங்கி அந்த ஜெபசிங்குகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவணும். நாலு ஃபேன் வச்ச கார்டு வந்துட்டான்னும் கேட்டுக்கிடுவேன், கேட்டு வைக்கதுல தப்பில்ல.

என்ன சிஸ்டர்? பதினெட்டா? அது நானில்ல, நான் கூட வந்தவன். சொரிமுத்து நாந்தான், அம்பாசமுத்திரம் சொரிமுத்துதான், ஆனா நோயாளி உள்ள இருக்காவ. பதினேழு. உலகம்மா. எம்பேர்ல டோக்கனா? யாரு போட்டா? சீட்டுல தப்பா எழுதிருப்பாவ, நல்லாப் பாருங்க. எனக்கு ஒண்ணும் இல்ல.

இந்தா வந்துட்டா. ஏ உலகு, என்ன சொன்னாரு? தொண்டையில ஒண்ணுமில்லன்னுட்டாரா. நாந்தான் இப்பம் கேட்டேனே, எவ்வளவு சுத்தமா இருக்கு. சரி, வா, போவோம். மத்தியானத்துக்குள்ள வீட்டுக்குப் போயிட்டா ஒரு பாட்டு எடுத்துரலாம். என்னது? ஏன் நிக்க? எம்பேர்ல டோக்கன் நீயா போட்ட? எதுக்கு?

அண்ணாச்சி, இவ என்ன சொல்லுதான்னு கேட்டியளா. "நீங்க உள்ள போயி காதக் காட்டுங்க. உங்க காது சரியாயிட்டுன்னா சொல்லுங்க, நம்ம வீட்டு மாடியில பாட வாரேன். அது வரைக்கும் தளவாய் அண்ணன் வீட்டுல பாடுதேன், ஆடி மாசம் பூரா வாரேன்னு நேத்தே சொல்லிட்டேன்"ங்கா. இத்தன பேருக்கு முன்னால, சாதாரணமாச் சொல்லுதா. கோவமாக்கூடச் சொல்லல.

என்ன சிஸ்டர், எந்தக் காதா? எனக்கு என்ன தெரியும் எந்தக் காதுன்னு. இவட்டயே கேளுங்க, இவதான போட்டா.

"ரெண்டுந்தான்னு எழுதிக்கிடுங்க"ங்கா.